யாத்திரைக்கு ஏற்ற ஸைக்கிள்

சட்டை தைக்கக் கொடுத்தால் தையற்காரர் நாடாவை எடுத்துத் தோள், மார்பு, கை எல்லாவற்றையும் அளக்கிறார். செருப்பு வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் காலின் அளவைக் கேட்கிறார். ஆனால் ஸைக்கிள் வாங்கப் போகிறவரை மட்டும் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. "என்ன நிறம் வேண்டும்?" என்றுதான் கேட்கிறார்கள். சட்டை பொருந்தாவிட்டால் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், அதோடு போயிற்று. ஸைக்கிள் பொருந்தாவிட்டால் முழங்காலும் முதுகும் மணிக்கட்டும் அழும். இந்த உண்மையை எங்கள் குடும்பத்தார் சற்றுப் பணம் செலவழித்தே அறிந்து கொண்டோம்.

என் தம்பியின் மகளுக்குச் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரையில், சுமார் 700 கிலோ மீட்டரையும் ஸைக்கிளிலேயே கடந்துவிட வேண்டுமென்று ஆசை. துணைக்கு இரண்டு தோழிகள். வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் ஆட்சேபித்தார்கள். நான் ஒருவன்தான் அவள் கட்சியில் சேர்ந்தேன். யாரோ உபயோகித்து விற்ற அயல் நாட்டு ஸைக்கிள் ஒன்றை அவள் தேடிப் பிடித்து வாங்கினாள். "பெரியப்பா! குழாயில் ஒட்டியிருக்கிற சீட்டைப் பாருங்கள். உயர்ந்த ரக உருக்கு!" என்றாள். நானும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தச் சீட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவளைப் பார்க்கவில்லை, அவள் ஸைக்கிள் மேல் எப்படி உட்கார்ந்தாள் என்பதையும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் கடலூரிலிருந்து டெலிபோன் வந்தது. கைவிரல்கள் மரத்துப் போய்விட்டன. வலது முழங்கால் வீங்கியிருக்கிறது. பெடலை மிதிக்கும்போதெல்லாம் குதிகால் பின்னாலுள்ள பையில் இடிக்கிறது. பாலத்து இறக்கங்களில் முன் சக்கரம் குளிர் ஜுரம் கண்டவனைப் போல் உதறுகிறது. தோழிகள் மேலே போக, இவள் மட்டும் ஸைக்கிளை பஸ்ஸின் மேல் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். "அப்போதே சொன்னோம். பெண்களுக்கு இதெல்லாம் ஆகாது" என்று வீட்டில் தீர்ப்பும் கூறியாகிவிட்டது.

அந்தத் தீர்ப்பு சரியா, தவறா? அவள் உடம்பு தோற்றதா, அல்லது அந்த உருக்குச் சட்டகம் தோற்றதா? இதைத் தெரிந்து கொள்வதற்காக எங்கள் தெருக்கோடியில் நாற்பது வருஷமாக ஸைக்கிள் பழுது பார்த்து வரும் முதியவரிடம் வண்டியைக் கொண்டு போனேன். அவர் வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பெண்ணைத்தான் பார்த்தார். "ஏறி உட்கார், பாப்பா" என்றார். அவள் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம், "ஸார், வண்டி நல்ல வண்டிதான். ஆனால் இது வேறு யாருக்கோ செய்த வண்டி" என்றார்.

நான் அதன் பிறகு படித்ததும் கேட்டதும் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு வியாக்கியானம்தான்.

முதலில் உடம்பு

ஸைக்கிளுக்கு உயிர் நாடி அதன் பிரேம். 1885-ஆம் வருஷம் இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் 'ரோவர்' ஸைக்கிளை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததே இன்று நாம் காணும் வைர வடிவப் பிரேம். 'பார்' என்று நாம் சொல்லும் மேல் குழாய், பெடல் அச்சுக்குச் சாய்ந்து இறங்கும் கீழ்க் குழாய், ஸீட்டைத் தாங்கும் குழாய், முன் போர்க்கைப் பிடித்திருக்கும் குட்டையான தலைக் குழாய், இந்த நான்கும் முன்பாதி. பின் சக்கரத்தைப் பிடிக்கும் மெல்லிய குழாய்கள் பின்பாதி.

பிரேமின் அளவு என்று கடையில் சொல்வது பெரும்பாலும் ஸீட் குழாயின் உயரத்தைத்தான். நம் ஊர்ப் பெரிய ஸைக்கிள்களில் வழங்கும் 22 அங்குலம், 24 அங்குலம் என்பவை இந்தக் கணக்கே. ஆனால் நெடுந்தூரம் போகிறவருக்கு அதைவிட முக்கியமானது மேல் குழாயின் நீளம். ஸீட்டைச் சிறிது ஏற்றலாம், இறக்கலாம். ஸீட்டுக்கும் ஹாண்டில் பாருக்கும் உள்ள தூரத்தை அவ்வளவு எளிதில் மாற்ற முடியாது. அது நீளமாக இருந்தால் உடம்பின் பாரம் கைகளில் இறங்கும். மணிக்கட்டு நரம்பு நசுங்கி விரல் மரக்கும். குட்டையாக இருந்தால் முதுகு கூனி, மூச்சு முட்டும்.

வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, கனமான புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையில் நன்றாக மேலே ஏற்றிப் பிடித்து, அதன் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளக்க வேண்டும். அதுவே கால் அளவு. பெடல் கீழே இருக்கும்போது, பெடலிலிருந்து ஸீட்டின் மேற்பகுதி வரை உள்ள தூரம் அந்த அளவில் நூற்றுக்கு 109 பங்கு இருக்கலாம் என்று 1967-இல் ஹாம்லி, தாமஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். வேகத்தையும் சக்தியையும் உத்தேசித்துச் சொன்ன கணக்கு அது. யாத்திரைக்காரர்கள் ஒரு விரற்கடை குறைத்து வைத்துக் கொண்டாலும் குற்றமில்லை. பெண்ணின் கால் அளவு 74 சென்டிமீட்டர். கணக்குப்படி வருவது சுமார் 81. அவள் வண்டியிலோ 85 இருந்தது! ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பை இப்படியும் அப்படியும் சாய்த்துக்கொண்டு கடலூர் வரையில் போயிருக்கிறாள். முழங்கால் வீங்கியதில் என்ன ஆச்சரியம்?

உருக்கின் ரகசியம்

இனி அந்தச் சீட்டுக்கு வருவோம். உயர்ந்த ரக உருக்கு என்றால் என்ன உயர்வு?

ஒரே பருமனும் ஒரே கனமும் உள்ள இரண்டு குழாய்களை எடுத்துக் கொள்ளுங்கள். ஒன்று சாதா உருக்கு. மற்றொன்று குரோமியமும் மாலிப்டினமும் சேர்த்த கலப்பு உருக்கு. இரண்டின் நுனியிலும் ஒரே எடையைத் தொங்கவிட்டால், இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வளையும். விறைப்பு என்னும் குணத்தில் உருக்குகளுக்குள் ஜாதி வித்தியாசம் மிகச் சொற்பம். எடையை ஏற்றிக்கொண்டே போனால்தான் வித்தியாசம் வெளிப்படும். சாதா உருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் நிமிராமல் கோணியபடியே நின்றுவிடும். கலப்பு உருக்கு அதைப்போல் இரு மடங்கு சுமை வந்த பின்பும் நிமிர்ந்து கொள்ளும்.

ஆகையால் கலப்பு உருக்கில் குழாயின் சுவரை மெல்லியதாக்கலாம்; எடை குறையும். ஆனால் குழாய்கள் கூடும் மூட்டுக்களில் உளைச்சலும் அதிகம். பற்றவைக்கும் சூட்டினால் பலக் குறைவும் உண்டு. அங்கே மெல்லிய சுவர் ஆகாது. இதற்கு 1897-இலேயே வழி கண்டவர் பர்மிங்ஹாம் நகரத்து ஆல்பிரட் ரெய்னால்ட்ஸ். ஆணி செய்யும் குடும்பத்தில் வந்த அவர், நுனிகளில் கனமாகவும் நடுவில் மெல்லியதாகவும் உள்ள குழாயைச் செய்து உரிமைப் பத்திரம் பெற்றார். இன்றும் நல்ல யாத்திரைப் பிரேம்களில் நுனிச் சுவர் 0.9 மில்லிமீட்டர், நடுச் சுவர் 0.6 மில்லிமீட்டர் என்கிற மாதிரிக் கணக்குகளைக் காணலாம். அதே கம்பெனி 1935-இல் மாங்கனீஸும் மாலிப்டினமும் கலந்த '531' என்னும் உருக்குக் குழாயை வெளியிட்டது. பல தலைமுறைகளுக்கு இங்கிலீஷ் ஸைக்கிள் பிரியர்களின் வாயில் அந்த மூன்று எண்கள் மந்திரம்போல் இருந்தன.

விறைப்பு வேண்டுமானால் கலவையை மாற்றிப் பயனில்லை; குழாயைப் பருமனாக்க வேண்டும். பழைய அளவில் மேல் குழாயின் குறுக்களவு 25.4 மில்லிமீட்டர். அதை 28.6 ஆக்கினால், சுவரின் கனம் மாறாமலே விறைப்பு நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் கூடுகிறது. மூட்டை இல்லாத பந்தயக்காரனுக்கு மெல்லிய குழாய் இனிமையாக இருக்கும். அதே பிரேமின் பின்னால் 15 கிலோ சாமானை ஏற்றினால், முன்பாதி ஒரு பக்கமும் பின்பாதி மறு பக்கமும் முறுக்கிக் கொண்டு இறக்கத்தில் உதறும். கடலூர்ப் பாலத்து ஜுரத்தின் காரணம் இதுவே. அந்தப் பிரேம் பந்தயத்துக்குப் பிறந்தது. அதன் மேல் சத்திரத்துச் சாமானை ஏற்றியது நம் பிழை.

இன்னொரு பிரமையும் உண்டு. உருக்குப் பிரேம் ரோட்டின் மேடுபள்ளத்தைத் தானே விழுங்கிக் கொள்ளும் என்பார்கள். வைர வடிவப் பிரேம் மேலும் கீழுமாக வளைவது மிகக் குறைவு. குலுக்கலை விழுங்குவது பெரும்பாலும் டயர். ஆகவே அகலமான டயருக்கு இடம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பது, உருக்கின் கோத்திரத்தை விசாரிப்பதைவிடச் சிலாக்கியமானது.

நால்வகைப் பிரேம்கள்

முதலாவது, நம் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக ஓடும் ரோட்ஸ்டர். இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவில் பிரஜா உரிமை பெற்றுவிட்ட வண்டி. சென்னைக்கருகில் அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. ஸைக்கிள் கம்பெனி, முருகப்பா குடும்பத்தாரும் பர்மிங்ஹாம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியாரும் கூட்டாக ஆரம்பித்தது. ரெய்னால்ட்ஸ் கம்பெனியும் 1928 முதல் அதே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் குடைக்கீழ் இருந்தது என்பது சுவாரஸ்யமான பொருத்தம்.

ரோட்ஸ்டரின் குழாய்கள் சாதா உருக்கு, சுவர் கனம், முழு வண்டியும் 20 கிலோவை ஒட்டி நிற்கும். தலைக் குழாயும் ஸீட் குழாயும் நன்றாகப் பின்னுக்குச் சாய்ந்திருக்கும். 28 அங்குலச் சக்கரங்கள் நெடுந்தூரம் இடைவெளி விட்டிருக்கும். ஏறுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்தது போல் நிமிர்ந்து, உடம்பின் பாரம் முழுவதையும் ஸீட்டில் வைப்பார். நாலு தெரு போய்வர இதைவிட மரியாதையான ஆசனம் கிடையாது. பால் குடங்களையும் இளநீர்க் குலைகளையும் ஏற்றிக்கொண்டு அது எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது! ஆனால் எதிர்க்காற்றில் 80 கிலோ மீட்டர் என்றால், நிமிர்ந்த மார்பு பாய்மரமாகிவிடும், கியரும் இல்லை. அளவும் எல்லாருக்கும் ஆகாது. அப்பாவின் வண்டியில் பாருக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் அடித்த அநுபவம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு! அது வேறொன்றுமில்லை, பொருந்தாத பிரேமுக்குக் குழந்தைகள் கண்டுபிடித்த பரிகாரம்.

இரண்டாவது, இங்கிலீஷ் கிளப் யாத்திரை வண்டி. சனி ஞாயிறுகளில் பட்டணத்தை விட்டுக் கிராமப்புறம் போகிறவர்களுக்காக வளர்ந்தது. 531 போன்ற மெல்லிய குழாய், 72 டிகிரியை ஒட்டிய கோணங்கள், மட்கார்டுக்கு இடம், பின்னால் ஒரு பை. ஏறுகிறவர் முன்பக்கம் சாய்ந்து, பாரத்தை ஸீட், பெடல், கை மூன்றுக்கும் பங்கிடுவார். கொஞ்சம் சாமானோடு நாள் முழுதும் போக அருமையான வண்டி. அதிகச் சாமான் அதற்குப் பகை.

மூன்றாவது, பிரெஞ்சுக்காரர்களின் ராந்தொன்னெஸ். செயின்ட் எத்தியென் நகரத்தில் வாழ்ந்த 'வெலோஸியோ' என்ற பால் த விவீ (1853-1930), மலை ஏறப் பல கியர்கள் வேண்டுமென்று ஓயாமல் பிரசாரம் செய்தார். 1936-இல் பிரான்ஸில் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. சாதாரண ஜனங்கள் ஸைக்கிளில் நாட்டைப் பார்க்கப் புறப்பட்டார்கள். 1938-இல் பாரிஸை அடுத்த லெவல்லுவாவில் அலெக்ஸ் ஸிங்கர் கடை திறந்தார். ரெனே ஹெர்ஸ் அவருக்குச் சமமான கீர்த்தி பெற்றார். இவர்கள் செய்த வண்டியில் பிரேம், மட்கார்டு, விளக்கு, சாமான் தாங்கி எல்லாம் ஒரே கையால் ஒன்றுக்கொன்று பொருந்தச் செய்யப்பட்டன. டயர் அகலம், மூட்டையோ முன்னால், ஹாண்டில் பார்ப் பையில். முன்னால் மூட்டை இருந்தால் திருப்புவது கனக்கும் அல்லவா? அதற்காகப் போர்க்கின் முன் வளைவை அதிகமாக்கினார்கள். திருப்பும் அச்சைத் தரைவரை நீட்டினால் அது சக்கரம் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் தொடும். அந்த இடைவெளி சாதாரண வண்டியில் 60 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். இவ்வகை வண்டியில் அதில் ஏறக்குறைய பாதிதான். விரல் தொட்டால் திரும்பும். மெதுவாகப் போகும் பாரவண்டிக்கு இது நல்லது. பின்னால் மட்டும் மூட்டை கட்டினால் அமைதியில்லாமல் அலையும்.

நான்காவது, இக்காலத்துப் பாரவண்டி. அமெரிக்காவில் 2004-ஐ ஒட்டி வெளிவந்து பல ஆண்டுகள் விற்ற ஸர்லி கம்பெனியின் 'லாங் ஹால் டிரக்கர்' இதற்கு நல்ல உதாரணம். பருமனான குரோமியம் மாலிப்டினக் குழாய்கள். பெடல் அச்சிலிருந்து பின் அச்சு வரை 46 சென்டிமீட்டர் நீளம். பந்தய வண்டியில் இது 41-ஐ ஒட்டியே இருக்கும். இந்த ஐந்து சென்டிமீட்டரில்தான் குதிகால் பையில் இடிக்காத சுகம் அடங்கியிருக்கிறது. சாமான் இல்லாமல் ஏறினால் சற்று மந்தம். முன்னும் பின்னும் நாலு பை மாட்டினால்தான் அதற்குக் களை வரும். குட்டையானவர்களுக்கான அளவுகளில் 26 அங்குலச் சக்கரம் வைத்தது பெரிய உபகாரம். சிறிய பிரேமில் பெரிய சக்கரத்தைத் திணித்தால், திருப்பும்போது முன் சக்கரம் பாதத்தில் தட்டும்.

எது சிறந்தது?

நாலில் எது சிறந்தது என்று கேட்பது, வேஷ்டி சிறந்ததா, மழைக்கோட்டு சிறந்ததா என்று கேட்பது போலத்தான். யார், எதைச் சுமந்து, எப்படி உட்கார்ந்து, எங்கே போகிறார்கள் என்பதே கேள்வி.

பம்பாயிலிருந்து 1923-இல் ஸைக்கிளில் புறப்பட்ட ஆதி ஹக்கீம், ஜால் பாபஸோலா, ருஸ்தம் பும்காரா என்ற மூன்று பார்ஸி இளைஞர்கள், உலகைச் சுற்றி 1928-இல் ஊர் திரும்பினார்கள். பாலைவனமும் காடும் கடந்த அந்தக் காலத்து உருக்கு, இன்றைய கடைக் கணக்கில் எந்தப் பட்டியலிலும் சேராது.

நம் பக்கத்திலேயே இன்னும் அருமையான பாடம் ஒன்று இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஸைக்கிள் கற்றுக் கொண்டார்கள். பெண்கள் ஸைக்கிளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அதனால் பலர் ஆண்கள் ஸைக்கிளை ஓட்டினார்கள். அவர்களில் சிலருக்கு அதுவே பிடித்துவிட்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். காரணம் என்ன தெரியுமா? மேலே பார் இருக்கிறது. அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்! புடைவைக்கு இடைஞ்சல் என்று நிபுணர்கள் நீக்கிவிட்ட குழாயை, தாய்மார்கள் தங்கள் தேவையை அளவுகோலாக வைத்துத் திரும்பக் கேட்டார்கள். பிரேமைத் தேர்ந்தெடுக்கும் சாஸ்திரம் முழுவதும் இதில் அடங்கிவிட்டது.

வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் உடம்பைப் பாருங்கள், பிறகு மூட்டையை, பிறகு உட்காரும் விதத்தை, கடைசியில்தான் உருக்கின் பெயரை. நாங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கியதால்தான் கடலூரோடு திரும்ப நேர்ந்தது.

எடைக்காக அதிகப் பணம் கொடுக்கவும் வேண்டாம். கலப்பு உருக்கு யாத்திரைப் பிரேம் இரண்டிலிருந்து இரண்டரை கிலோ இருக்கும். சாதா உருக்கில் ஒரு கிலோ கூடலாம். ஏறுகிறவரும் மூட்டையுமாக 70 கிலோ போகும்போது, அந்த ஒரு கிலோவுக்கு முழங்காலை அடகு வைப்பானேன்? வழியில் பிரேம் விட்டுப்போனால் பற்றவைக்க ஒரு பட்டறை கிடைக்கும் என்பது உருக்குக்கே உள்ள பெருமை. ஆனால் மெல்லிய குழாயை அதிகச் சூட்டில் வாட்டிவிடாமல் பார்த்துக் கொள்ள வேண்டும்.

பழுது பார்க்கும் முதியவர் எங்களுக்குத் தேடிக் கொடுத்தது, நம் நாட்டிலேயே செய்த பழைய மலைப்பாதை ஸைக்கிள் ஒன்று. 16 அங்குலப் பிரேம், 26 அங்குலச் சக்கரம், ஸ்பிரிங் இல்லாத போர்க், சாதா உருக்கு. குழாயில் சீட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன். ஸீட்டை 80 சென்டிமீட்டரில் நிறுத்தினார். கை எட்டும் தூரத்தை நாலு விரற்கடை குறைத்தார். கனமான சாமான்களைத் தாழ்வாக, முன்னும் பின்னுமாகப் பிரித்துக் கட்டினார். முன்னைய வண்டியின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை.

இந்தத் தடவை எட்டாம் நாள் டெலிபோன் வந்தது. கன்னியாகுமரியில் காந்தி மண்டபத்துக்கு எதிரில் நிற்பதாகச் சொன்னாள். என் தாயார் டெலிபோனை என் கையிலிருந்து வாங்கி, "முழங்கால் எப்படியிருக்கிறது, அம்மா?" என்று கேட்டாள்.

"முழங்காலா, பாட்டி? அப்படி ஒன்று இருக்கிறது என்ற ஞாபகமே வரவில்லை" என்று பதில் வந்தது.

பொருத்தமான பிரேமுக்கு இதைவிட நல்ல நற்சாட்சிப் பத்திரம் யார் தர முடியும்?